பதில் வரும்வரை

அவன் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார்.

"பேரு ஜெகதீசனுங்க. முப்பத்தெட்டாச்சு. அதிகமாப் பேச மாட்டான்."

அறையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சுவரைப் பார்த்து. ஒரு பெண் தரையில், கண்களை மூடிக்கொண்டு. டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

அவனுக்கு அது பிடித்திருந்தது.

திருப்பூரில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் மாதம் ஒருமுறை தாங்களாகவே கூடும் அறை அது. நடத்துகிறவள் பிருந்தா. பனியன் கம்பெனியில் டிசைன் போடுகிறவள். அவளுக்கும் ஆட்டிசம்தான்.

அண்ணன் அவளிடம் சொன்னார்.

"அம்மா தவறிட்டாங்க. எனக்கு ஓசூருக்கு மாத்தலாயிருச்சு. அங்க ரெண்டு ரூம் வீடுதான். இவனை ஒரு ஹோம்ல சேர்த்தரலாம்னு இருக்கறேன். நல்ல ஹோமுங்க. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லோணும்."

"அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க. ஒண்ணும் சொல்லலை."

"எவ்வளவு நேரம் பொறுத்துப் பாத்தீங்க?"

அண்ணனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

பிருந்தா அவன் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கைகளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தாள்.

"நீங்க எங்க இருக்கோணும்னு நெனைக்கறீங்க?"

அவனுக்குள் பதில் இருந்தது. வீட்டின் பின்பக்க அறையாக இருந்தது. சுவரோரக் கட்டிலாக இருந்தது. சொல்லாக மட்டும் இல்லை.

அண்ணன் வாயெடுத்தார். பிருந்தா தலையை அசைத்தாள். வேண்டாம்.

யாரும் இருமவில்லை. யாரும் புன்னகைத்து உற்சாகப்படுத்தவில்லை.

கீழே தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்து, நின்று, சரக்கு இறக்கிவிட்டுப் போனது.

சுவரைப் பார்த்திருந்தவர் பேசினார். சுவரிடமே.

"நான் தனியாத்தானுங்க இருக்கறேன். காத்தால எந்திரிச்சதும் எங்க வாட்ஸ்அப் குரூப்ல கட்டைவிரல் போடோணும். போடலைன்னா பிருந்தா வந்து கதவைத் தட்டிரும்."

அவ்வளவுதான்.

அவன் விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன. தரையில் இருந்த பெண்ணின் விரல்களும்தான். அதை அவன் பார்த்தான்.

பிறகு சொன்னான்.

"நம்ம வீட்டுல."

அண்ணன் நிமிர்ந்தார்.

"கதவு உள்ளாற பூட்டோணும்."

அண்ணனின் முகம் மாறியது.

ஒரு தீபாவளியன்று வெடிச் சத்தம் தாங்காமல் அவன் உள்ளே தாழிட்டுக்கொண்டான். இருட்டும் வரை திறக்கவில்லை. அம்மா கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்தது அண்ணன்தான். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் யாரும் தட்டிவிட்டு நுழைந்ததில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா" என்றார் அண்ணன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு நாளைக்கு அவ்வளவு போதும்.

பிருந்தா அவனுடைய கைபேசியை வாங்கி, குரூப்பில் சேர்த்துக் கொடுத்தாள். "கட்டைவிரல் போதும். எதுவும் எழுத வேண்டியதில்லை."

திரும்பும் வழியில் ஒரு ஹார்டுவேர் கடை முன்னால் அண்ணன் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

கடைக்காரர் தாழ்ப்பாள்களை மேசைமேல் பரப்பினார். இரும்பு, ஸ்டீல், பித்தளை.

"எது வேணுங்க?" அண்ணனைக் கேட்டார்.

"ரூம் அவனுதுங்க. அவனைக் கேளுங்க."

கடைக்காரர் அவனைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்தார். பித்தளையைக் கையில் எடுத்து எதையோ சொல்லப் போனார். அண்ணன் கையை உயர்த்தினார்.

அவன் முதல் தாழ்ப்பாளை எடுத்தான். இழுத்தான். தள்ளினான். காதருகே வைத்து மறுபடி இழுத்தான். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான்.

பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணன் ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.