பொட்டு வைத்த பிளாப்பி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. அயோத்தியாப்பட்டணத்து நூல்மில் ஆபீசில் கம்ப்யூட்டர் கரகரவென்று இரைகிறது; படிக்க முடியவில்லை என்ற ஒரே வரியைப் பச்சை எழுத்தில் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. டைப்பிஸ்ட் சௌந்திரம் பிளாப்பியை வெளியே எடுக்கிறாள். கறுப்பு உறையின் திறப்பில், உள்ளிருக்கும் பழுப்புத் தகட்டின் மேலேயே, சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. அதன் நடுவே குங்குமம். தற்காலிக ஆட்கள் இத்தனை வருஷம் வேலைக்கு வந்த நாள் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. இன்றைய பஸ்ஸில் அது கோயமுத்தூர் ஹெட்டாபீசுக்குப் போனால்தான் அவர்கள் நிரந்தரம். பழைய வருகைப் பதிவேடுகளைப் போன மாதமே பேப்பர்காரனுக்கு எடை போட்டாயிற்று. "பேக்கப்புன்னு இன்னொரு நகல் எடுத்துத் தனியா வெக்கச் சொன்னாங்களே, அம்மிணி?" மேனேஜர் நல்லியப்பனின் குரல் இறங்கியிருக்கிறது. "எடுத்தனுங்க." அவள் இரண்டாவது பிளாப்பியை நீட்டுகிறாள். அதிலும் அதே இடத்தில் அதே பொட்டு. "ஒண்ண மட்டும் உடக்கூடாதுன்னு ரெண்டையுமே சாமி முன்னால வெச்சுட்டனுங்க."

ஜன்னலுக்கு வெளியே தற்காலிக ஆட்கள் கூடி நிற்கிறார்கள். தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் பொன்னாயி கம்பியைப் பிடித்து எட்டிப் பார்க்கிறாள். "எம் பேரு போயிருச்சுங்களா, கோயமுத்தூருக்கு?" சௌந்திரம் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டுகிறாள். தகட்டின் பழுப்புப் பூச்சும் அதோடு சேர்ந்து உதிர்கிறது.