வேறை அமைச்சு

போர்க்காலத் தடையால் சவுக்காரம் கிடைக்காமல் ஊரே பனம்பழத்தில் துணி தோய்த்த காலம். சவுக்காரத் தொழில் தொடங்க அரசாங்கம் கொடுத்த உதவிப்பணம் செல்வநாயகியிடம் செலவழியாமல் கிடந்தது. அதைச் சிபாரிசு செய்த, மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியின் உத்தியோகத்தர் பஞ்சலிங்கம் சைக்கிளில் வந்திறங்கினார்.

"தொழில் துவங்கியாச்சோ பிள்ளை?"

"எப்பிடி ஐயா? சவுக்காரம் காய்ச்சிற காஸ்ரிக் சோடாவை ஆமி இஞ்சாலை விடுறானில்லை."

"துவங்காட்டிக் காசைத் திருப்பிக் கேப்பினம்."

"தந்ததும் அரசாங்கம், மறிக்கிறதும் அரசாங்கம்தானே?"

"மறிக்கிறது வேறை அமைச்சு, பிள்ளை."

சொல்லிவிட்டும் அவர் போகவில்லை.

"செய்து பாத்த கட்டி ஒண்டாவது இல்லையோ?"

"மேலிடத்துக்குக் காட்டவோ ஐயா?"

"இல்லை. மகள் பெரியபிள்ளையானவள், நாளைக்குத்தான் சாமத்தியத் தண்ணி வார்க்கிறம். அந்த நேரத்துக்குச் சவுக்காரம் வந்திடுமெண்டுதான் உங்களை முதல் ஆளாய்ச் சிபாரிசு செய்தனான்."

அவருடைய வெள்ளைச் சேட்டிலும் பனம்பழம் மணந்தது.