ஆமென் சொல்லாத ஜெபம்

எட்வர்ட் கண்ணை மூடியதும் பாரில் இருந்த அத்தனை பேரும் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

அவர் முன்னால் ஒரு தட்டு சுண்டலும் ஒரு பன்னீர் சோடாவும் இருந்தன. அதற்குத்தான் ஜெபம்.

எட்வர்டுக்குக் கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை. வேலை முடிந்ததும் எட்டயபுரம் ரோட்டில் இருக்கிற இந்த பாருக்கு வந்துவிடுவார். குடிக்க இல்லை, குடிக்கிறவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேச. சபைக்கு வருகிறவனிடம் போய் என்னத்தைப் பேச, அவன்தான் வந்துவிட்டானே என்பது அவர் கட்சி. பாருக்குள் போனால் பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள், சாட்சி கெட்டுப்போகும் என்று சபை மூப்பர் ஜேம்ஸ்ராஜ் முகத்துக்கு நேராகவே சொல்லிப் பார்த்தார். மனுஷன் கேட்டால்தானே!

ஜெபம் பண்ணாமல் அவருக்குப் பச்சைத்தண்ணீர்கூட வாயில் படாது. அதையும் வாய்விட்டுத்தான் பண்ணுவார். முதல் நாள் அவர் ஆரம்பித்ததுமே, அங்கே தினமும் குடிக்க வரும் முத்துசெல்வம் கையைத் தூக்கி, “ஏலே, எல்லாரும் பொறுங்கலே! அண்ணாச்சி ஆமென் சொன்ன பொறவு குடிப்போம்” என்றார். பார் முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு எட்வர்டுக்குச் சுண்டல் இறங்கவில்லை.

மறுநாளும் அதே கேலி. அதற்கடுத்த நாளும் அதேதான். பிறகு ஒருத்தர் ஆமெனுக்குக் காத்திராமல் குடித்துவிட்டுப் போய், வண்டியோடு ஓடைக்குள் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். அதிலிருந்து கேலி பாதி, பயம் பாதி. யாரும் முந்துவதில்லை. இத்தனை நாள் பேசியும் ஒரு ஆளைக்கூட அங்கிருந்து எழுப்ப முடியவில்லை. குடிக்கிறவர்களுக்கு மணியடித்துக் கொடுக்கிற வேலைதான் தனக்கு வாய்த்தது என்று எட்வர்டுக்கு உள்ளூர எரிச்சல்.

இன்று அந்த முத்துசெல்வம்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கும் ஆள். மடிப்புக் கலையாத புதுச்சட்டை போட்டிருந்தார். மேஜையில் ஒரு பூப்பொட்டலம், பக்கத்தில் ஊற்றிக் கலந்து வைத்த கிளாஸ்.

அவர் மகள் தங்கமாரியைப் பெண் பார்க்கப் புதியம்புத்தூரிலிருந்து இன்று சாயங்காலம் வருகிறார்கள். மாப்பிள்ளை சொந்தமாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறார். இதற்கு முன்னால் வந்த இரண்டு இடத்துக்காரர்களும், முத்துசெல்வம் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

“பூ வாங்கிட்டு வாரேன்னு போனவிய இன்னும் வரல அண்ணாச்சி. அங்கனதான் இருப்பாவ. குடிக்கவிடாம எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க. எம்பிள்ள வாழ்க்க” என்று முத்துசெல்வத்தின் மனைவி உமாதேவி சற்று முன்னால் போனில் அழுதிருந்தார். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரிடமும் எட்வர்டின் நம்பர் உண்டு.

எட்வர்ட் ஓடிவந்து கூப்பிட்டுப் பார்த்தார். கையைப் பிடித்தும் இழுத்தார். முத்துசெல்வம் அசையவில்லை. “ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு வாரேன்” என்றார். அந்த ஒண்ணு எங்கே போய் நிற்கும் என்று ஊருக்கே தெரியும்.

வேறு வழி தெரியாமல்தான் எட்வர்ட் சுண்டல் சொன்னார். கண்ணை மூடினார்.

“அன்பின் பரலோகப் பிதாவே” என்று ஆரம்பித்தவர், சுண்டலுக்கு ஸ்தோத்திரம் சொன்னார். சோடாவுக்கும் சொன்னார். கரிசல் காட்டுக்கு மழை கேட்டார். மக்காச்சோளத்தைத் தின்கிற புழுவையும் பன்றியையும் கடிந்துகொள்ளச் சொன்னார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்களின் கைகளைக் காத்துக்கொள்ளச் சொன்னார். சப்ளை பார்க்கும் சதீஷ்குமாரின் மனைவிக்குச் சுகப்பிரசவம் வேண்டினார். ஆம்லெட் போடுகிறவரின் மூட்டுவலிக்கும் ஒரு விண்ணப்பம் போனது.

“இயேசுவின் நாமத்தில்...” என்று பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. அதுதான் முடிகிற இடம் என்று அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். கிளாஸ்கள் எழும்புகிற சத்தம் கேட்டது. சட்டென்று, “...இன்னும் ஒரு காரியம் ஆண்டவரே” என்று பேச்சைத் திருப்பினார்.

கிளாஸ்கள் இறங்கின.

“சோடா சப்புன்னு ஆயிருதுல்லா அண்ணாச்சி” என்றார் சதீஷ்குமார்.

எட்வர்ட் கண்ணைத் திறக்காமல் யோசித்துப் பார்த்தார். கேட்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. கலெக்டருக்குக்கூட ஞானம் கேட்டாகிவிட்டது. அழுகை முட்டியது. இத்தனை பேர் முன்னால் ஒரு தட்டு சுண்டலை வைத்துக்கொண்டு, ஒரு பெண்பிள்ளையின் கல்யாணத்தைக் காப்பாற்றப் பார்க்கும் தன் கோமாளித்தனத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. போதும், முடித்துவிடலாம் என்று மூச்சை இழுத்தார்.

யாரோ அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்கள். கண்ணைத் திறந்தார்.

எதிரே முத்துசெல்வம் கண்ணை இறுக மூடியிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

“முடிச்சிராதீங்க அண்ணாச்சி” என்றார், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில். “என்னைக்குமே இந்தக் கொஞ்ச நேரந்தான் என் கை சும்மா கெடக்கும்.”

எட்வர்ட் ஜெபத்தை விடாமலே எழுந்தார். பூப்பொட்டலத்தை எடுத்து அந்தக் கையில் கொடுத்தார். முத்துசெல்வமும் எழுந்தார். கிளாஸ் ஊற்றி வைத்தபடியே இருந்தது.

வண்டியை எடுத்தபோதும் எட்வர்ட் நிறுத்தவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே, மானாவாரிக் காடுகளுக்கு நடுவில், கேட்டதையே திரும்பக் கேட்டுக்கொண்டு போனார். மழை, புழு, பன்றி, கலெக்டர். பின்னால் முத்துசெல்வம் பூவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டு முன்னால் புதியம்புத்தூர் வேன் நின்றிருந்தது. வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்த உமாதேவி, இருவரையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

முத்துசெல்வம் இறங்கிச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். “இனி சொல்லிருங்க அண்ணாச்சி” என்றார்.

எட்வர்ட் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முத்துசெல்வமே ஆமென் சொல்லிவிட்டு, பூவோடு உள்ளே போனார்.