வெள்ளை நாடா கட்டிய இருபது கொடி

வெள்ளை நாடா கட்டிய வெற்றிலைக் கொடிகள் செத்திருக்க வேண்டும்.

அவள் குனிந்து முதல் கொடியின் தூரைத் தொட்டுப் பார்த்தாள். அழுகல் இல்லை. இரண்டாவதிலும் இல்லை.

இருபதையும் பார்த்து முடித்தாள். ஒன்றுகூட அழுகவில்லை.

சிவப்பு நாடா கட்டிய இருபது கொடிக்கு அவள் செய்த நானோ மருந்து. வெள்ளைக்கு வெறும் தண்ணீர். வெள்ளை பட்டுப்போய்ச் சிவப்பு பிழைத்தால்தான், தூரை அழுகவைக்கும் பூஞ்சாணத்தைக் கொன்றது மருந்துதான் என்று நாலு பேர் ஒத்துக்கொள்வார்கள்.

நாலு வருட ஆராய்ச்சி. இதுதான் கடைசிப் பருவம். இனி அவகாசம் கிடையாது.

வெற்றிலைக் கொடிக்காலின் சொந்தக்காரி விருமாயி, பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோயிலுக்குள் வருவதுபோல், செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று முதல் நாளே கறாராகச் சொன்னவள். தலைமயிரை ஆயிரமாகப் பிளந்தால் எவ்வளவு சன்னமோ, அவ்வளவு சன்னமான செம்புத் துகள் என்று இவள் விளக்கியபோது, செம்பு நல்லதுதான் என்று அதோடு முடித்துக்கொண்டவள்.

"இதுகளுக்கு மட்டும் வெறுந் தண்ணிய ஊத்திட்டுப் போறீக. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க மனசு வரல தாயி. மிச்ச மருந்த வாரவாரம் நானே ஊத்திவிட்டேன்."

மிச்சத்தை மோட்டார் ரூமில் பூட்டாமல் விட்டுப் போனது இவள்தான். யாரை நோவது?

மருந்து வேலை செய்திருக்கிறது. அதை இனி யாரிடமும் நிரூபிக்க முடியாது.

நோட்டைப் பிரித்தாள்.

பட்டுப்போனவை பதினெட்டு என்று எழுதினால், யாரும் வந்து எண்ணப் போவதில்லை. பேனா அந்தக் கட்டத்தின் மேல் வெகுநேரம் நின்றது.

பூஜ்யம் போட்டாள்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொடியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணும் சாகலைல்ல, தாயி?"

"இல்லக்கா. ஒண்ணுகூடச் சாகல."

விருமாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அவளைப் பார்த்துக் கும்பிட்டாள்.