கால் ஓய்ந்தவர்களுக்கான பெஞ்சு

பாலிகஞ்ச் பூங்காவின் மர நிழலில் முகுந்தன் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். பழைய பூங்காக்களை ஞாயிறுதோறும் சுற்றிக்காட்டுவது, ஓய்வுபெற்றபின் அவர் பிடித்துக்கொண்ட பெருமை. “இந்தத் தோட்டத்தை வரைஞ்சவர் மேதை. கால் ஓஞ்சவா உட்காரணும்னே இந்தக் கல் பெஞ்சைப் போட்டார்,” என்கிறார். அதில் தூங்கிக்கொண்டிருக்கும் ரிக்‌ஷாக்காரரை, போட்டோவுக்காகக் காவலாளி விசிலடித்து எழுப்பி விரட்டுகிறான். சுற்றிப்பார்க்க வந்த கூட்டம் பயபக்தியோடு செல்போன்களை உயர்த்துகிறது. லேக் மார்க்கெட்டில் சொத்தைக் கத்தரிக்காயைப் பார்க்கிற அதே பார்வையால் ஹேமலதா அத்தனை பேரையும், கடைசியில் தன் கணவர் முகுந்தனையும் பார்க்கிறாள். இளவெயிலில் கல்மேல் அந்த ரிக்‌ஷாக்காரரின் முதுகு வியர்வை இன்னும் மினுங்குகிறது. அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கிறாள். “ஹேமா, கொஞ்சம் நகரேன். பெஞ்சு மறையறது.” “கால் ஓஞ்சுபோச்சு,” என்று செருப்பைக் கழற்றுகிறாள்.