எட்டேகால் மணிக் கோள்

"நட்சத்திரத்தோட பேரைச் சொல்லாதே. நேரத்தைச் சொல்லவே சொல்லாதே. யார் கேட்டாலும் வேற எதையாவது சொல்லி அனுப்பு, புரியுதா?"

தலைநகர் சாந்தியாகோவிலிருந்து பேராசிரியர் உர்சுலா போனில் சொல்லச் சொல்ல, ரொமினா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"புரியுது மேடம்."

"அந்த ஐரோப்பியக் குழு இதே நட்சத்திரத்துக்குத்தான் நாக்கைத் தொங்கப்போட்டுட்டு அலையுது. அவங்க ஆள் ஒருத்தர் இன்னிக்கு மலையேறுறதா கேள்வி. தேன் ஒழுகப் பேசுவாங்க. ஏமாந்துடாதே."

ரொமினா போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கினாள். நாலு நாளாக அடித்த காற்று நின்று, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மலையுச்சித் தொலைநோக்கி இன்று இரவு முழுக்க அவளுக்கு.

எட்டேகால் மணிக்கு அவளுடைய கோள் தன் நட்சத்திரத்தின் முகத்தைக் குறுக்கே கடக்க ஆரம்பிக்கும். பன்னிரண்டுக்குள் கடந்துவிடும். தன்னைத்தானே சுற்றுகிற நட்சத்திரத்தின் ஒரு பாதி நம்மை நோக்கி வரும், மறு பாதி விலகிப்போகும். கோள் முதலில் எந்தப் பாதியை மறைக்கிறது என்று ஒளியைப் பிரித்துப் பார்த்தால் போதும். நட்சத்திரம் சுற்றும் திசையிலேயே அது ஓடுகிறதா, சாய்ந்து ஓடுகிறதா, எதிர்த்திசையில் ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும். எதிர்த்திசை என்பது ரொமினாவின் கட்சி. நாலு வருஷ ஆராய்ச்சியும் அதை நம்பித்தான் இருந்தது. இன்றைக்குத் தவறவிட்டால் இந்த மலையிலிருந்து மறுபடி பார்க்க மூன்று வருஷம் ஆகும். அவளுடைய உதவித்தொகையோ வருகிற மார்ச்சில் முடிகிறது.

சமையல்கார நெல்லி அத்தை, சோளமும் பூசணியும் மிதக்கும் கோழிக் குழம்பைக் கிண்ணம் நிறைய ஊற்றினாள்.

"முழுசா சாப்பிடு. காத்து மறுபடி அடிச்சா உன்னைத்தான் முதல்ல தூக்கிட்டுப் போகும்."

ரொமினா இரண்டு வாய்கூட சாப்பிட்டிருக்கமாட்டாள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் தட்டோடு எதிரில் வந்து நின்றார்.

"உட்காரலாமா மகளே? இப்பதான் பஸ்ல வந்து இறங்கினேன். நான் ஓஸ்வால்தோ."

பேரைச் சொன்னார், எங்கிருந்து வருகிறார் என்று சொல்லவில்லை. ரொமினா உஷாரானாள்.

"ராத்திரி உன் முறைதானே?"

"ஆமாங்க."

"என்ன பார்க்கப்போறே?"

"சும்மா, ஒரு பழைய நட்சத்திரம்."

"புது நட்சத்திரத்தை யாரும்மா கடையில விக்கிறான்!" அவரே சொல்லி அவரே சிரித்தார். "நட்சத்திரம் சுத்துறதும் கோள் சுத்துறதும் ஒத்துப்போகுதான்னு பார்க்கிற கோஷ்டியா நீ?"

ரொமினா கரண்டியைக் கீழே வைத்தாள். ஆள் விஷயம் தெரிந்தவர்தான்.

"ஐயோ, அதெல்லாம் பெரியவங்க செய்ற வேலைங்க."

"சரி, எத்தனை மணிக்கு உனக்கு முக்கியமான நேரம்?"

வந்தார் பாருங்கள் வழிக்கு!

"விடியக்காலம் மூணு மணிக்கு."

"மூணா? அப்போ முன்னிராத்திரி?"

"முன்னிராத்திரி எனக்கு எதுக்குங்க? தூங்கப்போறேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. உனக்கு ஒண்ணும் குறைஞ்சுபோயிடாதே?"

"ஒண்ணும் குறையாதுங்க."

பெரியவரின் முகம் மலர்ந்துபோனது. "தங்கமான பொண்ணு நீ. இந்தக் காலத்துல யாருக்கு இப்படி மனசு வரும்?" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

தேன் ஒழுகத்தான் பேசுகிறார் என்று ரொமினா நினைத்துக்கொண்டாள். வயசானவரிடம் பொய் சொன்ன கூச்சம் கொஞ்சம் இருந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷம் அதை அமுக்கிவிட்டது. வெளியே ஓடிப்போய் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"மேடம், அந்த ஆள் வந்துட்டார். மூணு மணின்னு அடிச்சு விட்டேன். அப்படியே நம்பிட்டார்."

"சபாஷ்! நீ பிழைச்சுக்குவே."

சாயங்காலம் ஏழு மணிக்கு, மடிக்கணினியை அணைத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக் கதவைத் தள்ளினாள். திரைகளுக்கு நடுவில், சுழல் நாற்காலியில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் அந்த மீசைக்காரர்.

"நீங்களா? நீங்க எப்படி இங்கே?"

"நல்லா கேட்டே போ! இருபத்தாறு வருஷமா இந்தத் தொலைநோக்கியைத் திருப்புறது நான்தானே. லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் வந்தேன். மூணு மணிக்காரி நீ ஏன் இப்பவே வந்து நிக்கிறே? போய்த் தூங்கு."

ரொமினா நகரவில்லை.

"அந்த ஐரோப்பியக்காரங்க முறை வந்த ராத்திரியெல்லாம் காத்துல போச்சு, பாவம்," என்றார் ஓஸ்வால்தோ. "காலையிலிருந்து போன் மேல போன். எட்டேகாலுக்கு ஏதோ ஒரு கோள் குறுக்கே போகுதாம், பன்னிரண்டு வரைக்கும் பார்த்துத் தரமுடியுமான்னு கெஞ்சினாங்க. 'ராத்திரி அந்தச் சின்னப் பொண்ணோடது, அவ வாயால சரின்னு சொல்லாம ஒரு நிமிஷம்கூடத் தரமாட்டேன்'னு சண்டை போட்டுட்டுத்தான் மகளே, உன்னைத் தேடிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தேன்."