வோடா

"வோடா... வோடா..." என்று போலிஷில் தண்ணீர் கேட்டு முனகினார், முகம் கோணிப்போன கிழவர். பேர் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"ஜெர்மன்ல கேட்டாத்தான் தண்ணி, பெருசு! எங்க கட்சித் தலைவர் டெஸ்னோ போட்ட சட்டம்" என்று சுவரிலிருந்த அறிவிப்பைத் தட்டிக் காட்டினாள் நர்ஸ் ஹைட்ரூன்.

அப்போது டெஸ்னோவின் மகன் டெட்லெஃப் உள்ளே வந்தான். கட்சிக்கு இப்போது அவன்தான் தலைவன்.

"ஐயா, இந்தப் போலந்துக்காரனைப் பாக்க நீங்க எதுக்கு...?"

"இவரு எங்கப்பா. மூளையில ரத்தம் கட்டி ஜெர்மன் மொத்தமும் போயிடுச்சு. மறைச்சு வச்சிருந்த சின்ன வயசுப் போலிஷ் பேச்சு மட்டும்தான் மிச்சம்."

ஹைட்ரூன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

டெட்லெஃப் அதை வாங்கித் தானே குடித்தான். அவளை வெளியே தள்ளி, தானும் வந்து கதவைச் சாத்தினான்.

"ஞாயித்துக்கிழமை எலெக்‌ஷன். அவரு ஜெர்மன்ல கேக்குற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது."